பச்சைப் பொத்தானும் பசுவந்தனைச் சம்பந்தமும்

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால், ஜாதகத்தை எடுப்பதற்கு முன்பே என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகியிருந்தது. பையனும் பெண்ணும் கட்டும் முறைதானா, இல்லை எங்கோ சுற்றி வந்து அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்களா என்பதை நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. எப்போதும்வென்றான், கழுகுமலை, பசுவந்தனை என்று பல ஊர்களில் பரவிக் கிடக்கும் ஒரு கூட்டம், ஒருவன் சொல்லை மறுகேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது என்றால் அது சிறிய மரியாதை அன்று. அந்த மரியாதையை நான் விரும்பினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கோவில்பட்டியில் கல்லூரியொன்றில் தாவரவியல் கற்பித்துத் துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். செடிகொடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அடுக்கிய கை, ஓய்வுக்குப் பின் மனிதர்களை அடுக்கத் தொடங்கியது. அதற்காக ஒரு வெளிநாட்டு வம்சாவளி மென்பொருளைச் சந்தா கட்டி வாங்கினேன். இலவசமாகக் கிடைப்பவை இருக்கும்போது இது எதற்கு என்று சென்னையிலிருக்கும் என் மகன் கேட்டான். விலை கொடுத்து வாங்கிய பொருளிடம்தான் ஒழுங்கை எதிர்பார்க்க முடியும் என்று பதில் சொன்னேன். பதினோரு ஆண்டுகள் அது என் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கவில்லை. ஆளுக்கொரு கட்டம், கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கோடு, எந்த இருவரைச் சுட்டினாலும் அவர்களுக்கு இடையிலுள்ள உறவு நொடியில் வந்து நிற்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அதில் குடியேற்றியிருந்தேன்.

அதனிடம் ஒரே ஒரு குணம்தான் எனக்குப் பிடிக்காதது. அக்கா மகளைக் கட்டியவரை அதில் பதிந்தால், உடனே ஒரு சிவப்பு முக்கோணம் தோன்றும். ‘இவர்கள் நெருங்கிய இரத்த உறவினர். சரிபார்க்கவும்’ என்று எச்சரிக்கும். முந்தைய தலைமுறைகளில் தாய்மாமனைக் கட்டாத வீடு எங்களில் ஏது? திரை முழுவதும் சிவப்பாகிவிட்டது. எங்கள் முன்னோரின் திருமணங்களைப் பற்றி ஒரு இயந்திரம் என்னை விசாரிப்பது எனக்கு ஒவ்வவில்லை. ஆகவே ஒரு வழி கண்டேன். அப்படிப்பட்டவரை இரண்டு முறை பதிவேன். முதல் கட்டத்தில் அவர் தம் பெற்றோருக்கு மகன். இரண்டாவது கட்டத்தில், பெற்றோர் யாரென்றே தெரியாத ஒருவராக வந்து, அக்கா மகளுக்குக் கணவர் ஆவார். முக்கோணம் மறைந்தது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது.

இனி, பசுவந்தனைச் சம்பந்தம். என் மனைவியின் தம்பி மகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வாயாடி, அவள் இருக்கும் இடத்தில் சிரிப்பு கேட்காமல் இராது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பசுவந்தனையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. பையன் வேளாண்மைத் துறையில் பணியாற்றுகிறான். இரு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது. பையனுக்கும் பெண்ணுக்கும் அதைவிடப் பிடித்துவிட்டது. முறைக்காக ஒரு சொல் கேட்டுவிடுவோம் என்று எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இருவரையும் மென்பொருளில் சுட்டினேன். பங்காளிகள் என்று வந்தது. பையனின் பூட்டனாரும், பெண்ணின் பூட்டனாரும், அதாவது என் மனைவியின் தாத்தாவும், உடன்பிறந்த அண்ணன் தம்பி. ஆகவே இவர்கள் அண்ணன் தங்கை.

“எங்களுக்கு இந்தப் பக்கம் பங்காளி இருக்கதாக் கேள்விப்பட்டதே இல்லையே அண்ணாச்சி” என்றார் பையனின் தகப்பனார்.

நான் அச்சிட்ட தாளை அவர் முன் வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. “நீங்க சொன்னாச் சரிதான்” என்று எழுந்துவிட்டார். பெண் மட்டும் நகரவில்லை. கொண்டு வந்த காப்பித் தட்டுடன் நின்று என்னையே பார்த்தாள்.

அதன் பிறகு அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளில் யாரையும் அவள் ஏற்கவில்லை. கழுகுமலையில் ஒரு காதுகுத்து விருந்தில் அவள் பரிமாற வந்த பந்தியில் அந்தப் பையனும் உட்கார்ந்திருந்தான். “ஏட்டி, ஒங்க அண்ணனுக்கு ரசம் ஊத்து” என்று ஒருத்தி கிண்டல் செய்தாள்.

“எங்க அம்மா பெத்த அண்ணன் ஒருத்தன்தான். இவிய எங்க மாமா கம்ப்யூட்டர் பெத்த அண்ணன்!” என்றாள் இவள்.

பந்தி முழுவதும் சிரித்தது. நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்த நான் அப்பளத்தை நொறுக்கும் சத்தத்தில் அது கேட்காதவன்போல் இருந்தேன்.

நிலைமை இவ்வாறிருக்க, சென்ற ஆவணியில் அந்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்கு மாதங்களில் மென்பொருளை நிறுத்துகிறார்களாம். இத்தனை நாள் தங்களுடன் பயணித்ததற்கு நன்றியாம். மூன்று முறை படித்தேன். பிறகு, பதினோரு ஆண்டுச் சந்தாதாரன் என்ற முறையில் இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பினேன். உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. அரை நிமிடத்தில் இரண்டு பக்கத்தைப் படித்தவர் யாரும் என் மாணவர்களிலேயே கிடையாது.

தகவல்களை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். இறக்கினேன். வேறொரு மென்பொருளில் திறந்தேன். கட்டங்கள் இருந்தன, கோடுகள் இருந்தன. தமிழ் எழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். ஏழு தலைமுறைக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்று, ஒன்றையொன்று மணந்து, கேள்விக்குறிகளைப் பெற்றிருந்தன. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, தனியா உக்காந்து சிரிக்கீங்க?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

“அம்புட்டுத்தானா? நான் வாசிக்கேன், நீங்க எழுதுங்க” என்றாள்.

தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் தாள் கேட்டேன். தீப்பெட்டிக் கட்டுகளைச் சுற்றும் பழுப்புத் தாளில் ஒரு பெரிய உருளையையே அனுப்பி வைத்தார். வீட்டின் முன்னறையில் அதை விரித்தேன். பகல் பத்து மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டு வேளை வரை வேலை. அவள் கணினி முன் நாற்காலியில் அமர்ந்து, இன்னும் ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளிலிருந்து வாசிப்பாள். நான் பலகை போட்டுத் தரையில் அமர்ந்து, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதுவேன். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அவள் உயரத்தில் அமர்ந்து ஆணையிட, நான் கீழே அமர்ந்து எழுதியது அதுவே முதல் முறை. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அவளால் வெறுமனே வாசிக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கதை வைத்திருந்தாள். “இவரா? தாலி கட்டுத நேரம் தூங்கிட்டாருல்லா. மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்புனாவ” என்பாள். “இந்த மதினி மாமியாரோட சண்ட போட்டுட்டு, உளுந்து மூட்டை ஏத்துன வண்டியில ஏறிப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. பொறவு மாமியாரே பின்னாடி ஓடிவந்து வண்டியில ஏறிக்கிட்டா!” என்பாள். தகவலுக்குத் தேவையானதை மட்டும் வாசிக்குமாறு இரண்டு நாள் கண்டித்தேன். மூன்றாம் நாள், அவளுக்குத் தெரியாமல், கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘தூங்கியவர்’ என்று குறித்தேன். நான்காம் நாள் பென்சில் தீர்ந்துபோய் வேறொன்று வாங்கினேன். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு ஆகிய இரண்டு மட்டுமே இருந்த கட்டங்களில் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். பத்து மணி எப்போது ஆகும் என்று நானே கடிகாரத்தைப் பார்க்கலானேன்.

ஐப்பசியில் அவளுடைய பிறந்த வீட்டுப் பகுதிக்கு வந்தோம். அவளுடைய தாத்தாவை எழுதினேன். அடுத்து அவருடைய தம்பி. அவள் வாசித்துக்கொண்டே போனவள் நின்றாள்.

“இங்க பாருங்க. எங்க சின்னத் தாத்தாவுக்கு எத்தன பிள்ளைங்க?”

“என்ன இருக்கிறதோ அதை வாசி.”

“ஏழு பிள்ளைன்னு போட்டிருக்கு. பசுவந்தனையில. அவருதான் கல்யாணமே ஆகாம, மீச மொளைக்கதுக்கு முன்னாடியே கொழும்புக்குக் கப்பலேறிப் போனவராச்சே! பொறவு இந்தப் பக்கமே வரலன்னு எங்க அப்பா சொல்லி நீங்கதானே எழுதுனீங்க?”

அடிக்கோலைக் கீழே வைத்தேன்.

மென்பொருளுக்கு முந்தைய என் கையெழுத்துக் குறிப்பேடு அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு மனிதர்கள், ஒரே பெயர். எங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரு பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பது சாதாரணம். ஒருவர் என் மனைவியின் சின்னத் தாத்தா, கொழும்பு, திருமணம் இல்லை. மற்றவர் பசுவந்தனைக்காரர், அந்தப் பையனின் பூட்டனார். அக்கா மகளை மணந்தவர். அக்கா மகளை மணந்தவர் என்பதால் அவரை நான் இரண்டாக்கியிருந்தேன். இரண்டாவது கட்டத்துக்குப் பெற்றோர் இல்லை. பெற்றோர் இல்லாத கட்டங்களை அந்த மென்பொருள் விடாது. யாராவது பொருந்துகிறாரா என்று தேடிக்கொண்டே இருக்கும். பெயரும் உத்தேசமான பிறந்த ஆண்டும் ஒன்றாக இருந்த கொழும்புக்காரரைக் காட்டி, ‘இருவரும் ஒருவரா?’ என்று ஒரு நாள் கேட்டது. பக்கத்தில் பச்சைப் பொத்தான். என் மரத்தில் ஒரு வெற்றிடம் குறைகிறதே என்ற மகிழ்ச்சியில் அழுத்திவிட்டேன். கல்யாணம் ஆகாத மனிதருக்கு ஒரு மனைவி, ஏழு பிள்ளைகள். பசுவந்தனை முழுவதும் என் மனைவிக்குப் பங்காளி. அழுத்தியது நான். அழுத்திய பகல் கூட நினைவிருந்தது.

“அப்போ அந்தப் புள்ளைக்கு அவன் அண்ணன் இல்ல” என்றாள் என் மனைவி மெல்ல.

“இல்லை. எந்தத் தடையும் இல்லை.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்த நேரத்தில் மலரவில்லை. என் சொல்லை நம்பி எழுந்து போன அந்தக் குடும்பத்தின் முன் எப்படிப் போய் நிற்பது? இது வெளியே வந்தால், பதினோரு ஆண்டுகளாக நான் சொன்ன எல்லாவற்றையும் சந்தேகிப்பார்களே! அந்தப் பெண்ணின் கல்யாணம் ஒரு பக்கம், என் சொல் இன்னொரு பக்கம்.

மைத்துனர், அதாவது பெண்ணின் தகப்பனார், செய்தி கேட்டு ஓடிவந்தார். முதலில் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் அத்தான் கவலப்படுதீங்க? கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிட்டுன்னு சொல்லிருவோம். அதுதான் மூடப்போறான்லா? வந்து இல்லன்னா சொல்லப்போகுது?” என்றார்.

நல்ல யோசனையாகவே தோன்றியது. ‘மென்பொருளில் நேர்ந்த பிழையின் காரணமாக’ என்று தொடங்கி ஒரு கடிதமும் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. அந்த மென்பொருள் செய்த பிழை என்ன? சரிபார்க்கவும் என்று சிவப்பில் எச்சரித்தது. நான் அதன் வாயை அடைத்தேன். இருவரும் ஒருவரா என்று கேட்டது; நான் ஆம் என்றேன். பதினோரு ஆண்டுகள் ஒழுங்காக உழைத்து, இன்னும் இரண்டு மாதத்தில் விடைபெறப்போகும் ஒன்றின் தலையில் என் பிழையைக் கட்டுவது துறைத் தலைவராக இருந்தவனுக்கு அழகன்று. என் உதவியாளர் எவர் மீதும் நான் அப்படிப் பழி போட்டதில்லை. கடிதத்தைக் கிழித்தேன். மறுநாள் காலை நானும் மனைவியும் மைத்துனரும் பசுவந்தனைக்குப் புறப்பட்டோம்.

முந்தின நாள் நல்ல மழை. பேருந்திலிருந்து இறங்கி அவர்கள் வீட்டை அடைவதற்குள் கரிசல் என் செருப்பைத் தனதாக்கிக்கொண்டது. சேறு ஒட்ட ஒட்ட ஒவ்வோர் அடிக்கும் ஒரு விரற்கடை உயர்ந்தேன். இருபுறமும் உளுந்தும் பாசியும் முளைவிட்டுப் பச்சையாகக் கிடந்தன. சலவை வேட்டியில் முழங்கால் வரை சேறு. மன்னிப்புக் கேட்பதற்கென்று போகிறவனுக்கு ஏற்ற கோலம்தான் என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையனின் தகப்பனார் வாசலுக்கே வந்துவிட்டார். “வாங்க அண்ணாச்சி! இந்தச் சேத்துல எதுக்கு நடந்து வருதீங்க? ஒரு போன் போட்டா நான் வந்திருப்பேன்லா?” கால் கழுவத் தண்ணீர் வந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். பிறகு, “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க?” என்றார்.

மைத்துனர் என் முழங்கையை இலேசாக இடித்தார்.

“கம்ப்யூட்டர் இல்லை. அது இரண்டு முறை கேட்டது. தப்புப் பண்ணியது நான்” என்றேன்.

உள்ளேயிருந்து பையனின் தாயார் வெளியே வந்தார். “அப்போ இவன் அந்தப் புள்ளைக்கு அண்ணன் இல்லையா?” என்று என் மனைவியிடம் கேட்டார். என் மனைவி இல்லை என்று தலையாட்டியதுதான் தாமதம், அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஏட்டி, காப்பி வேண்டாம். பாயசத்துக்கு அடுப்பப் பத்தவை!” என்று மகளை நோக்கிக் கூவினார்.

தகப்பனார் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் பார்த்து அழைத்தார். “ஏலே, இங்கன வா. கோவில்பட்டிப் புள்ள ஒனக்குத் தங்கச்சி இல்லையாம்லே.”

பையன் மண்வெட்டியுடன் வந்து நின்றான். “தெரியும்ப்பா.”

“எப்படிலே தெரியும்?”

“எனக்கு அப்படித் தோணவே இல்லையே.”

அந்த வீட்டில் அன்று எழுந்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. பாயசக் குவளை கையிலிருந்தது. விடைபெறும்போது தகப்பனார் தெரு முனை வரை கூடவே வந்தார். “ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க தாளக் காட்டிச் சொன்னப்போ, எங்க ஆள்களுக்கு ஒரு சந்தேகம் இருந்திச்சு. இன்னைக்குச் சேத்துல நடந்து வந்து சொன்னீங்க பாருங்க, இதுல இல்ல” என்றார்.

மைத்துனர் மகளிடம் செய்தியை நானேதான் சொன்னேன். அவள் என் காலில் விழுந்து எழுந்தாள். எழுந்ததும் வாய் தொடங்கிவிட்டது. “மாமா, நான் டெய்லி ஊர்ல உள்ளவுக ரத்தத்தையெல்லாம் டெஸ்ட் பண்ணுதேன். என்கிட்ட ஒரு சொட்டுக் குடுத்திருந்தா அன்னைக்கே ரிசல்ட் சொல்லிருப்பேன்லா?” என்றாள்.

தை மாதத்தில் கோவில்பட்டியிலேயே ஒரு மண்டபத்தில் திருமணம். பழுப்புத் தாள் மரத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது பெண்ணின் பிடிவாதம். உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில், இந்தச் சுவர் முடிந்து அடுத்த சுவரிலும் பாதி வரை அது ஓடியது. யாரும் தொட வேண்டாம் என்று ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை ஒட்டுவதற்குள் என் மனைவி ஐந்தாறு பென்சில்களைச் சணலில் கட்டிச் சுவர் நெடுகத் தொங்கவிட்டுவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரம் தேர்வுக்கூடக் கண்காணிப்பாளனைப் போல் நின்றேன். “இது என் மாமனார் இல்ல, அவரு தம்பி” என்று ஒருவர் திருத்தினார். “எங்க அத்தைய விட்டுட்டீங்களே” என்று ஒரு பெண்மணி கட்டம் போட்டார். அடிக்கோல் இல்லாமல், கோணலாக. தூங்கியவரின் மகன், தாமும் அறுபதைத் தாண்டியவர், தம் தகப்பனாரின் கட்டத்தின் முன் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ‘எழுப்பியது என் தாய்மாமன்’ என்று பக்கத்தில் எழுதினார். நான் இரண்டாக்கியிருந்தவர்கள் அனைவரையும் தாளில் ஒருவராக்கியிருந்தேன். கோடுகள் வளைந்து குறுக்கே வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எங்கும் சிவப்பு முக்கோணம் இல்லை. ஒரு கட்டத்தில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திருத்துபவர்களுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் மணமக்கள் நேரே சுவரிடம் வந்தார்கள். கோவில்பட்டிக் கட்டத்துக்கும் பசுவந்தனைக் கட்டத்துக்கும் நடுவில் நான் இடம் விட்டு வைத்திருந்தேன். நான் பேனாவை நீட்டினேன். அவள், “நீங்களே போடுங்க மாமா. போனவாட்டி மாதிரி இல்லாம” என்றாள். சுற்றி நின்ற கூட்டம் ஓவென்றது. நான் அடிக்கோல் வைத்துக் கோட்டைப் போட்டேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. மென்பொருள் நின்றுபோகும் என்று சொன்ன நாள் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசி நாளன்று அதைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாட்காட்டியில் வட்டமிட்டிருந்தேன். அன்றைக்குப் பத்திரிகை வைப்பதற்காகக் கழுகுமலைப் பேருந்தில் இருந்திருக்கிறேன்.

பந்தி முடிந்து கை துடைத்துக்கொண்டு எப்போதும்வென்றானிலிருந்து வந்திருந்த ஒருவர் என்னை நெருங்கினார். குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, என் மகனுக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. முறை சரியா இருக்கான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும்” என்றார்.

இதற்குப் பிறகும் கேட்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. “உங்கள் வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். பெண் வீட்டார் யாராவது வந்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்” என்றேன். பிறகு சுவரில் தொங்கிய பென்சில்களில் கூர் மழுங்காத ஒன்றைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.